மூன்றாம் நாள் வசூல்: ஃபைப்ரோமயால்ஜியாவோடு பண்டிகைக் காலத்தைக் கடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் காலை. பற்பசைக் குழாயின் மூடியைத் திருகப் பார்க்கிறேன், முடியவில்லை. விரலில் காயம் இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தினால் முழங்கை வரை சுருக்கென்று ஏதோ ஓடுகிறது. கடைசியில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தேன். இரண்டு நாள் முன்பு இதே கைகள்தான் வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறின, பாத்திரம் துலக்கின, அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டிகளை இறக்கின. அன்று ஒரு குறையும் தெரியவில்லை. "உனக்கு இப்போ பரவாயில்லை போலிருக்கே" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டும் போனார்கள்.

உடம்பு முழுக்க வலியும் சோர்வும் தரும் நாள்பட்ட நோயான ஃபைப்ரோமயால்ஜியாவின் குணம் இது. கேட்டதும் கடன் கொடுத்துவிடும். வசூலுக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும், வட்டியும் சேர்த்துக் கேட்கும். பண்டிகைக் காலத்தில் கடன் வாங்க ஆயிரம் காரணம் கிடைக்கும். உற்சாகம், பரபரப்பு, வந்தவர்கள் முன்னால் முகம் சுளிக்கக் கூடாது என்கிற வீம்பு எல்லாம் சேர்ந்து வலியை ஒரு நாள் மறைத்து வைக்கும். அதனால் கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: வலி வந்த பிறகு நிறுத்தாதீர்கள், கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். எனக்கு இது புரியச் சில வருடங்கள் ஆயின.

உடம்பில் நடப்பது என்ன

இதைத் தெரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும். இந்த நோயில் தசையோ மூட்டோ சேதமாவதில்லை. வலியைக் கையாளும் நரம்பு மண்டலம், அதாவது மூளையும் தண்டுவடமும், அளவுக்கு மீறி உஷாராகிவிடுகின்றன. காவல் நாய் திருடனைப் பார்த்துக் குரைத்தால் நல்லது. இலை அசைந்தாலும் விடிய விடியக் குரைத்தால் வீட்டில் யார் தூங்குவது? சாதாரண அழுத்தம், குளிர், சத்தம், வெளிச்சம் எல்லாவற்றையும் அந்த நாய் திருடன் என்றே எடுத்துக்கொள்கிறது. சேதமே இல்லாமல் வலி அமைப்பு மாறிப்போவதால் வரும் இப்படிப்பட்ட வலிக்கு, வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2017இல் 'நோசிபிளாஸ்டிக்' வலி என்று தனிப் பெயரே கொடுத்தது.

ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் சரியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். "எல்லாம் நார்மல்தானே, அப்புறம் என்ன?" என்று கேட்கும் உறவினருக்கும் பதில் இதுதான். 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு வகுத்த முறையில், உடம்பின் 18 புள்ளிகளை விரலால் அழுத்திப் பார்த்து 11 இடத்திலாவது வலித்தால் ஃபைப்ரோ என்றார்கள். 2010இல் அந்தப் புள்ளிக் கணக்கைக் கைவிட்டு, உடம்பை 19 பகுதிகளாகப் பிரித்து எங்கெல்லாம் வலி என்று கேட்பதோடு, சோர்வு, எழுந்தாலும் தெளியாத தூக்கம், மறதி ஆகியவற்றுக்கும் மதிப்பெண் கொடுக்கத் தொடங்கினார்கள். தொல்லை மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும். நூறு பேரில் இரண்டிலிருந்து நான்கு பேருக்கு இது இருப்பதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள், பெண்களே அதிகம். ஆகவே நீங்கள் போகும் பெரிய விருந்தில் உங்களைத் தவிர இன்னொருவரும் நாற்காலி தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: மூன்று வாரம் முன்பே உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எடுங்கள். கைபேசியிலும் குறிக்கலாம், ஆனால் எனக்கு நோட்டுதான் சரிப்படுகிறது. ஃபைப்ரோ ஃபாக் என்று நாங்கள் சொல்லும் அந்த மூளை மந்தம் வரும் நாட்களில் கைபேசியில் எங்கே எழுதினேன் என்பதே மறந்துவிடும்.

சாதாரணமான மூன்று நாட்களில், நின்றுகொண்டு வேலை செய்யத் தொடங்கி எத்தனை நிமிடத்தில் உடம்பு முணுமுணுக்க ஆரம்பிக்கிறது என்று குறியுங்கள். தாங்க முடியாத கட்டம் வரை போக வேண்டாம், முதல் முணுமுணுப்பு போதும். முதல் நாள் 20 நிமிடம், மறுநாள் 30, அடுத்த நாள் 25 என்று வந்தால் சராசரி 25. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 20. நிற்பதற்கு உங்கள் அளவு 20 நிமிடம். இதேபோல உட்கார்ந்து பேசுவதற்கு, நடப்பதற்கு, திரை பார்ப்பதற்கு என்று தனித்தனியாக அளவு எடுங்கள். கூட்டத்துக்கு நடுவில் இருப்பதற்கும் ஒரு அளவு உண்டு. அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இனி அந்த 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அடித்ததும் நிறுத்துங்கள். பாதி வேலையில் இருந்தாலும், உடம்பு நன்றாகவே இருந்தாலும் நிறுத்த வேண்டும். இதுதான் கஷ்டம். நன்றாக இருக்கும்போது உட்காருவது சோம்பேறித்தனம் மாதிரி இருக்கும், "இன்னும் ரெண்டு நிமிஷம்தானே" என்று கை தொடர்ந்து ஓடும். மூன்றாம் நாள் வலி பெரும்பாலும் இந்த ரெண்டு நிமிஷங்களால் ஆனது. ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்தால், நாள் முடியும்போது தொடர்ந்து நின்றவர்கள் செய்த வேலைக்கு அதிகம் குறையாமல் செய்திருப்பீர்கள்.

பழகுவதற்கு மூன்று வாரம் வேண்டும். பண்டிகைக்கு முதல் நாள் அலாரம் வாங்கி வந்தால் அது அடித்துக்கொண்டே இருக்கும், நீங்கள் அணைத்துக்கொண்டே இருப்பீர்கள்.

படி 2: பட்டியலை மூன்றாகக் கிழியுங்கள்

செய்ய வேண்டியவை என்று மனதில் ஓடுவதையெல்லாம் காகிதத்தில் கொட்டுங்கள். பிறகு மூன்று குவியலாகப் பிரியுங்கள். முதலாவது, நானே செய்தால்தான் எனக்குப் பண்டிகை. இரண்டாவது, யார் செய்தாலும் சரி. மூன்றாவது, செய்யாமல் விட்டால் யாருக்கும் தெரியாது.

முதல் குவியலில் இரண்டு மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. எனக்கு அது ஒரு இனிப்பு கிளறுவது, பிள்ளைகளுக்குப் பரிசைத் தாளில் சுற்றிக் கொடுப்பது. அவ்வளவுதான். மூன்றாம் குவியல்தான் எப்போதும் பெரிதாக இருக்கும். திரைச்சீலை துவைப்பது, பரணைச் சுத்தம் செய்வது, எந்த விருந்தாளியும் எட்டிப் பார்க்காத அறையை ஒழுங்குபடுத்துவது. என் வீட்டுப் பரண் நான்கு வருடமாக அப்படியே இருக்கிறது. யாரும் ஏறிப் பார்த்து மதிப்பெண் போடவில்லை.

பிறகு நாட்காட்டி. ஒரே நாளில் இரண்டு கனமான காரியங்களைப் போடாதீர்கள். கனம் என்றால் தூக்குவது மட்டும் இல்லை. நெரிசலான கடை கனம், மூன்று மணி நேர விருந்து கனம், வாய் ஓயாமல் பேசும் உறவினரோடு ஒரு மதியம் கனம். பெரிய நாளுக்கு முந்தைய நாளும் பிந்தைய இரண்டு நாட்களும் ஓய்வு என்று எழுதிவிடுங்கள். மருத்துவர் அப்பாயின்ட்மென்ட்டை எழுதுவது போல மையால் எழுதுங்கள். "முடிந்தால் ஓய்வு" என்று எழுதினால் அந்த இடத்தில் யாராவது ஒரு வேலையைக் கொண்டுவந்து வைப்பார்கள், பெரும்பாலும் நீங்களே வைப்பீர்கள்.

வாங்க வேண்டியவற்றை வீட்டிலிருந்தபடியே வரவழைக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் வார நாளில், கடை திறந்த நேரத்தில், பட்டியலோடு போங்கள். இரண்டு கைக்கும் சமமாகப் பிரித்த சின்னப் பைகள் போதும்.

படி 3: மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம். பண்டிகைக் காலத்தில் நடக்கும் தப்புகளில் நிறைய இங்கேதான் நடக்கின்றன.

முதலில் கையிருப்பு. ஃபைப்ரோவுக்கு அதிகம் எழுதப்படும் மருந்துகள் பிரிகாபலின், டுலோக்செடின், மில்னாசிப்ரான், இரவில் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின். முதல் மூன்றுக்கும் 2007, 2008, 2009 என்று அடுத்தடுத்த வருடங்களில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஃபைப்ரோவுக்கென்றே அனுமதி கொடுத்தது. இவற்றில் எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. டுலோக்செடின் இரண்டு மூன்று நாள் தவறினாலே தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் ஓடினது போன்ற அதிர்ச்சி எல்லாம் வரலாம். பிரிகாபலினைத் திடீரென்று விட்டால் தூக்கம் கெடும், பதற்றம் கூடும், வியர்த்துக்கொட்டும். விடுமுறையில் மருத்துவரும் இருக்கமாட்டார், மருந்துக் கடையும் பாதி நேரம் மூடியிருக்கும். ஆகவே விடுமுறை முடிந்து ஒரு வாரம் வரைக்கும் வருகிற அளவு இப்போதே வாங்கி வையுங்கள்.

நான் ஒரு முறை ஊருக்குக் கிளம்பும்போது மாத்திரைப் பட்டையை எடுத்து வைத்தேன், எடுத்தும் போனேன். போய்ப் பார்த்தால் அதில் மிச்சம் இருந்தது இரண்டு. பட்டை இருக்கிறது என்பதை மட்டும் பார்த்திருக்கிறேன், மாத்திரை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஃபாக் செய்கிற வேலை இப்படித்தான் இருக்கும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். கிழமை எழுதிய மாத்திரை டப்பா ஒன்று வாங்கினால் "போட்டேனா, போடலையா" என்ற சந்தேகமே வராது.

அடுத்து, மது. கொண்டாட்டத்தில் ஒரு கோப்பை என்று பலர் கேட்கிறார்கள். பிரிகாபலினோடும் அமிட்ரிப்டிலினோடும் மது சேர்ந்தால் மயக்கமும் தள்ளாட்டமும் பல மடங்காகும். டுலோக்செடின் எடுப்பவர்கள் அதிகம் குடித்தால் கல்லீரலுக்கு ஆபத்து. போதாததற்கு, மது சீக்கிரம் தூங்க வைத்துவிட்டுப் பின்னிரவில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். வேண்டாம் என்பதே என் பதில்.

சளி மாத்திரைகளிலும் கண் வையுங்கள். டுலோக்செடின் எடுப்பவர்களுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் மருந்தும், டிரமடால் என்ற வலி மாத்திரையும் ஒத்துவராமல் போகலாம். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை அதனோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு வாய்ப்பு கூடும். அவை ஃபைப்ரோ வலிக்குப் பெரிதாகக் கேட்பதும் இல்லை, ஏனென்றால் அடக்குவதற்கு அங்கே அழற்சி கிடையாது. பாராசிட்டமால் பல சளி மாத்திரைகளில் ஒளிந்திருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச அளவு 4 கிராம், அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும், கல்லீரல் பலவீனமானவர்களுக்கு இன்னும் குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு நீட்டும் மாத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள், போட்டுக்கொள்ளாதீர்கள்.

படி 4: வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள்

வலி உச்சத்தில் இருக்கும்போது விளக்கினால் அது விளக்கமாக இருக்காது, சண்டையாகத்தான் இருக்கும். நன்றாக இருக்கும் ஒரு நாளில், உட்கார்ந்து, இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். நோயின் வரலாறெல்லாம் தேவையில்லை. "நான் அன்னைக்கு நல்லாத்தான் இருப்பேன், ரெண்டு நாள் கழிச்சுதான் படுப்பேன். அதனால அன்னைக்கே நடுநடுவுல போய்ப் படுத்துப்பேன். யாரும் வந்து எழுப்ப வேண்டாம்." இவ்வளவு போதும்.

"ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்பவர்களிடம் "இல்லை, பார்த்துக்கறேன்" என்று சொல்லும் பழக்கத்தை இந்த ஒரு மாதமாவது தூரப் போடுங்கள். "ஆமா, வேணும்" என்று மட்டும் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை, கேட்டவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "அந்தப் பெரிய பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கித் தரணும், ஏழு மணிக்கு" என்று சொல்லுங்கள். வேலை, நேரம், இடம் மூன்றும் இருந்தால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். என் அத்தை ஒருவர் பல வருடம் என்னை "நடிக்கிறா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முறை அவரிடம் குறிப்பாக ஒரு வேலையைக் கேட்டேன், சட்னி அரைத்துத் தாருங்கள் என்று. அடுத்த வருடத்திலிருந்து அவரே வந்து மிக்ஸியைப் பிடித்துக்கொள்கிறார். நம்பிவிட்டாரா என்று கேட்டதில்லை. எனக்கு மிக்ஸி போதும்.

இறுக்கமாகக் கட்டிப்பிடிப்பவர்கள், தோளில் ஓங்கித் தட்டிப் பேசுபவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். கையில் ஒரு தட்டோ கோப்பையோ வைத்திருந்தால் யாரும் பாய்ந்து அணைக்கமாட்டார்கள். முயன்று பாருங்கள், வேலை செய்கிறது.

படி 5: வேலை செய்யும் விதத்தை மாற்றுங்கள்

நறுக்குவது, மடிப்பது, சுற்றுவது எல்லாம் உட்கார்ந்து செய்யலாம். சமையல் மேடை உயரத்துக்கு ஒரு ஸ்டூல் இருந்தால் அதுவே பாதி மருந்து. கனமான பாத்திரத்தைத் தூக்காமல் ஒரு ஈரத்துணி மேல் வைத்து இழுங்கள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு கையாலும், உடம்போடு ஒட்டி. ஒரே அசைவை அரை மணி நேரம் செய்யாதீர்கள், பத்து நிமிடம் நறுக்கினால் அடுத்த பத்து நிமிடம் வேறு தசை வேலை செய்யட்டும். மெல்லிய பிடியைவிடத் தடித்த பிடி வைத்த கத்தியும் கரண்டியும் விரலுக்கு இதம். ஒரு துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாலும் போதும்.

முன்கூட்டியே செய்து வைக்க முடிந்ததை எல்லாம் ஒரு வாரத்துக்குப் பரப்புங்கள். தினம் ஒன்று.

படி 6: தூக்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்

பட்டியலில் எது போனாலும் இது போகக் கூடாது. 1975இல் கனடாவைச் சேர்ந்த ஹார்வி மோல்டோஃப்ஸ்கி என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் ஒரு பரிசோதனை செய்தார்கள். உடம்பில் ஒரு நோயும் இல்லாதவர்களைத் தூங்கவைத்து, ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகும்போதெல்லாம் ஒலி எழுப்பிக் கலைத்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்கும் உடம்பு வலியும் தொட்டால் நோவும் வந்துவிட்டன. ஆரோக்கியமானவர்களுக்கே அப்படி என்றால் நமக்கு ஓர் இரவு விழிப்பு என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

படுக்கும் நேரம் ஒரு மணி நேரம் முன்பின் ஆகலாம், விழிக்கும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். தாமதமாகத் தூங்கினோமே என்று பத்து மணி வரை படுத்தால் அடுத்த இரவும் கெடும். காபியில் இருக்கும் கஃபீனில் ஏறக்குறைய பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும் என்பதால் மதியத்தோடு நிறுத்துங்கள். அமிட்ரிப்டிலின் எடுப்பவர்கள் விருந்து முடிந்து நள்ளிரவில் வந்து அதைப் போட்டால் மறுநாள் முற்பகல் முழுக்கத் தலை கனக்கும். வழக்கமான நேரத்திலேயே போடும்படி நாளை அமைத்துக்கொள்வது நல்லது. போட்ட பிறகு வண்டி ஓட்டக் கூடாது.

பகலில் படுத்தால் 20, 30 நிமிடம். வீடு நிறைய ஆள் இருக்கும்போது அதற்கு ஓர் அறையும், உள்தாழ்ப்பாளும், காதில் வைக்கும் பஞ்சும் வேண்டும். இதையும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வந்தவர்களின் பெட்டிகளை வைக்க முதலில் பறிபோவது உங்கள் அறையாகத்தான் இருக்கும்.

படி 7: நடையை விடாதீர்கள்

"வேலையே இவ்வளவு இருக்கே, உடற்பயிற்சி எதுக்கு?" என்று தோன்றும். வேலை செய்வது உடற்பயிற்சி ஆகாது. ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்பான யூலார் 2016இல் ஃபைப்ரோவுக்கான சிகிச்சைகள் அனைத்தையும் அலசியபோது, வலுவாகப் பரிந்துரைத்தது ஒன்றே ஒன்றைத்தான். மாத்திரை இல்லை, உடற்பயிற்சி. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் தாய்ச்சி என்ற சீன மென்பயிற்சி, ஏரோபிக் பயிற்சிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ பலன் கொடுத்தது.

வழக்கமாக 30 நிமிடம் நடப்பவர் பண்டிகை வாரத்தில் 10 நிமிடம் நடக்கலாம், சுத்தமாக நிறுத்தக் கூடாது. ஒரு வாரம் விட்டுவிட்டுத் திரும்ப 30 நிமிடத்தில் தொடங்கினால் அதுவே வலியைக் கிளப்பிவிடும். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே கணுக்கால் சுழற்றி, முழங்கால் மடக்கி, தோளை உருட்டி ஐந்து நிமிடம். பிறகு வெந்நீர்க் குளியல். விறைப்பு இறங்கிய பிறகே அடுப்படி.

படி 8: பயணம்

முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வழியுள்ள பயணமாகத் தேர்ந்தெடுங்கள். ரயிலிலும் பேருந்திலும் ஓரத்து இருக்கை. காரில் போனால் கிளம்பும் முன்பே நிறுத்தங்களை ஓட்டுபவரிடம் சொல்லிவிடுங்கள். கழுத்துக்கு ஒரு சின்னத் தலையணை, இடுப்புக்கு ஒரு சுருட்டிய துண்டு, குளிருக்குச் சால்வை. மருந்து கைப்பையில், பெரிய பெட்டியில் இல்லை. மருத்துவர் சீட்டின் படம் கைபேசியில். போய்ச் சேர்ந்த அன்றே விருந்து வைக்காதீர்கள், நடுவில் ஓர் இரவு விடுங்கள்.

படி 9: அந்த நாள்

விருந்துக்கு எல்லோருக்கும் முன்னால் போங்கள், அல்லது பாதியில் போங்கள். முதலில் போனால் நல்ல நாற்காலி கிடைக்கும்: முதுகுத் தாங்கல் உள்ளது, ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கம், ஏசி நேராக அடிக்காத இடம். எப்போது கிளம்புவீர்கள் என்பதை உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுங்கள். "எட்டரைக்குக் கிளம்பணும்" என்று வந்ததும் சொன்னால் அது வெறும் தகவல். எட்டே முக்காலுக்குச் சொன்னால் அதற்குள் ஏதோ மனஸ்தாபம் என்று நினைப்பார்கள்.

சத்தமும் வெளிச்சமும் வாசனையும் ஃபைப்ரோக்காரர்களை மற்றவர்களைவிடச் சீக்கிரம் களைப்பாக்கும். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியே வந்து ஐந்து நிமிடம் தனியாக நில்லுங்கள். கைபேசியைப் பார்க்காமல் நிற்க வேண்டும், அதுவும் வெளிச்சம்தான். உடை விஷயத்தில் ஒரு வார்த்தை: தோளில் கனக்கும், இடுப்பில் இறுகும், கழுத்தில் உரசும் எதுவும் ஏழு மணிக்கு அழகாக இருக்கும், ஒன்பது மணிக்குத் தண்டனையாகிவிடும். புகைப்படம் எடுத்து முடித்ததும் மாற்றிக்கொள்ள ஒரு பருத்தி உடை பையில் இருக்கட்டும்.

சாப்பாடு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஃபைப்ரோவைக் குணமாக்கும் உணவு என்று நிரூபணமான ஒன்று கிடையாது, விற்பவர்கள் நிறைய உண்டு. ஆனால் நம்மில் பலருக்குக் குடல் எரிச்சலும் கூடவே இருக்கும். அவர்கள் விருந்தில் ஒரே மூச்சில் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதும், தண்ணீரை மறக்காமல் இருப்பதும், தனக்கு ஒத்துவராது என்று தெரிந்ததை யார் வற்புறுத்தினாலும் தொடாமல் இருப்பதும் நல்லது. பசியோடு போகாதீர்கள்.

படி 10: வலி கிளம்பிவிட்டால்

எவ்வளவு திட்டமிட்டாலும் சில வருடம் கிளம்பத்தான் செய்யும். உங்கள் தப்பு என்று இல்லை. குளிர் அலை, சளி, ஒரு மனக்கசப்பு எது வேண்டுமானாலும் காரணமாகலாம். அந்த நாட்களுக்கென்று ஒரு பெட்டியை முன்பே தயார் செய்து கட்டிலருகே வையுங்கள்: வெந்நீர்ப் பை, மருந்து, தண்ணீர் பாட்டில், சார்ஜர், கண்ணை மூடும் துணி, சூடாக்கினால் போதும் என்கிற உணவு எங்கே இருக்கிறது என்று எழுதிய சீட்டு. அன்று யோசிக்க முடியாது, சீட்டு யோசிக்கும்.

வெந்நீர்ப் பை ஒரு இடத்தில் 15, 20 நிமிடம், துணி சுற்றி. முழு நாளும் படுக்கையில் கிடக்காதீர்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து அறைக்குள் இரண்டு நடை நடங்கள். அசையாமல் கிடந்தால் விறைப்பு கூடி வலி இன்னும் ஒரு நாள் தங்கும். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விட்டு ஐந்து நிமிடம். இது வலியை எடுக்காது, குரைக்கிற நாயைக் கொஞ்சம் உட்கார வைக்கும். வழக்கமான அளவில் பாதியிலிருந்து வேலைகளைத் தொடங்கி, நாலைந்து நாளில் பழைய அளவுக்கு வாருங்கள்.

ஒன்றை மட்டும் கவனம். ஃபைப்ரோ இருக்கிறது என்பதற்காக எல்லா வலியும் ஃபைப்ரோ ஆகிவிடாது. நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போய் வலுவிழப்பது, பேச்சுக் குழறல், இதுவரை வராத கடுமையான தலைவலி, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழப்பது, நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றுக்கு விடுமுறை என்று பார்க்காமல் உடனே மருத்துவமனை. ஒரு மூட்டு சிவந்து வீங்கிச் சுட்டாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ தள்ளிப்போடாதீர்கள். ஊரே சிரிக்கும்போது தான் மட்டும் படுத்துக் கிடப்பது மனதை நொறுக்கும். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். ஃபைப்ரோவோடு மனச்சோர்வு சேர்ந்து வருவது சகஜம், அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது.

படி 11: நோட்டை மூடுவதற்கு முன்

மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள், நோட்டை மறுபடி எடுத்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். எது அதிகமாகிவிட்டது, எது தேவையே இல்லை, யார் கேட்டதும் உதவினார்கள். அடுத்த வருடம் இந்தப் பக்கத்தைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் இருக்காது. என் நோட்டில் போன வருடப் பக்கத்தில் நாலே வரி:

"இனிப்பு கிளறியது சரி. இரண்டாவது விருந்துக்குப் போயிருக்கக் கூடாது. கட்டில் பக்கத்துப் பெட்டியில் சார்ஜர் இல்லை. பற்பசை வாங்கும்போது திருகு மூடி வேண்டாம், தட்டித் திறக்கும் மூடி."